ஆறு தாண்டாத பதினைந்து நாள்

1

இன்று இந்த நாட்டுக்குச் சுதந்திர தினம். வெள்ளைக்காரர் கொடியை இறக்கி இது மூன்றாவது வருஷம். எங்கள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் கொடி ஏற்ற ஜுமா வந்திருந்தார். இப்போது அவர் இந்தப் பகுதியின் பார்லிமெண்ட் மெம்பர். அதற்கு முன்னால் எட்டு வருஷம் என் பக்கத்தில் நின்று நார்க்கட்டு எடை போட்டவர். என்னைப் பார்த்ததும் கொடிக்கயிற்றை விட்டுவிட்டு வந்து, “லாபம், சௌக்கியமா?” என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவர் வந்த ஜீப் புத்தம் புதிது. கதவில் வேறொரு நாட்டின் முத்திரை. பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரர், சிரித்த முகம். “இவர் கிணறு வெட்டித் தர வந்திருக்கிறார். யோசனை மட்டும்தான் சொல்லுவார்” என்றார் ஜுமா. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் போன பங்குனி ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாமிக்கு ஒரு சூடம் காட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாட்டின் பெயரை எழுதவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இந்த மண்ணின் சோற்றைத்தான் தின்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

எனக்குச் சொந்த ஊர் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கம். இங்கே கற்றாழை நார்த் தோட்டத்தில் ஸ்டோர் கீப்பர். நம் பக்கத்தில் வேலி ஓரம் ரயில் கற்றாழை என்று ஒன்று நிற்குமே, ஆடுகூட மூக்கை வைக்காது, அதுதான் இங்கே பயிர். கண்ணுக்கு எட்டிய தூரம் அதை வரிசையாக நட்டு, வெட்டி, மிஷினில் கொடுத்து நாராக உரித்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். தோட்டம் லண்டனில் இருக்கிற ஒரு கம்பெனியுடையது. நாடு சுதந்திரம் ஆன பிறகும் தோட்டம் அவர்களுடையதுதான்.

ஜுமா என்னை “லாபம்” என்று கூப்பிட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டும். வேலையாட்களுக்கு வாராவாரம் சோளமாவு அளந்து போடுவது என் பொறுப்பு. நம் வீட்டுக் களத்தில் நெல் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம், “லாபம்” என்போம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முதல் படியைக் கோபுரமாகக் குவித்து “லாபம்” என்று சத்தமாகச் சொல்லிப் போட்டுவிட்டு அப்புறம்தான் இரண்டு, மூன்று. இந்த ஜனங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. ஆனால் குவித்துப் போடுகிற படி தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊர்களில்கூட எனக்கு அதுவே பெயர். சுப்பையா என்றால் யாருக்கும் தெரியாது.

தோட்டத்தில் தமிழ்க் குடும்பம் ஆறு. இருப்புப்பாதையோரம் ஒரு மரத்தடியில் கீற்றுப் போட்டு மாரியம்மனை வைத்திருக்கிறோம். என் மகள் வள்ளி இரண்டு வயதாயிருக்கையில் அவளுக்கு அம்மை போட்டு, தோட்டத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். என் சம்சாரம் சிவகாமி நார்த்தாமலை மாரியம்மனை நினைத்துக்கொண்டு தரையில் விழுந்து வேண்டினாள். பிள்ளை பிழைத்தது. அன்று முதல் வருஷா வருஷம் பங்குனியில் நான் காப்புக் கட்டுகிறேன். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டினால் பதினைந்து நாள் எல்லை தாண்டக் கூடாது. தெற்கே ரயில் பாதை, கிழக்கே மிஷின் கொட்டகைச் சுவர், மேற்கே ஆஸ்பத்திரி, வடக்கே ஆறு. முதல் வருஷம் கரகத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தபோது நாங்களே வகுத்த எல்லை இது.

3

போன பங்குனியில் இங்கே எலெக்‌ஷன். எனக்கு நாற்பது வயது. இன்று வரை எந்த நாட்டிலும் ஒரு ஓட்டுப் போட்டதில்லை. நம் நாட்டில் முதல் ஓட்டு வருவதற்குள் கப்பல் ஏறிவிட்டேன். இங்கே எனக்கு ஓட்டுக் கிடையாது, பெர்மிட்டில் இருக்கிறவன்.

ஜுமா வேலையை விட்டுவிட்டு முரசுச் சின்னத்தில் நின்றார். ஆற்றோரத்து நிலம் பழைய காலத்தில் அந்த ஊர்களிடம் இருந்து பிடுங்கியது, அதை ஊர்களுக்குத் திருப்ப வேண்டும் என்பதே அவர் பேச்சு. எதிர்த்து நின்றவர் தலைநகரத்து வக்கீல், மண்வெட்டிச் சின்னம். அவருக்குத் தோட்டத்தின் லாரி ஓடியது, தோட்டத்தின் பெட்ரோல் எரிந்தது. எங்கள் மானேஜர் துரையின் பங்களாவில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து தங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் குறிப்புப் புத்தகம். என்ன வேலை என்று கேட்டால் “யோசனை சொல்லுகிறவர்” என்பார்கள்.

எனக்கு இதில் புதிதாக ஒன்றும் படவில்லை. நான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தவன். நமக்கு ராஜா இருந்தார். சொந்தக் காசுகூட இருந்தது, நவராத்திரிக்கு அரிசியோடு அம்மன் காசு கொடுப்பார்கள். ஆனால் எங்கள் கண்மாய் மடை இடிந்து என் தகப்பனார் மனுவோடு நடந்தபோது, ஒவ்வொரு கச்சேரியிலும் வெள்ளைக்காரத் துரையைக் காட்டி ஒரே பதில்தான்: “துரை பாத்து உத்தரவு போடணும்.” நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அன்று என் தகப்பனார், “இனிமே மனுவ நம்மாளுகிட்டயே குடுக்கலாம்டா. அவனும் அலைய விடுவான். ஆனா நம்ம பாசையில அலைய விடுவான்” என்றார்.

அதனால் இங்கே கொடி மாறியும் பங்களாவில் விளக்கு மாறாததைப் பார்த்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. கோபமும் படவில்லை. உள்ளதைச் சொல்லுகிறேன். நமக்கு எதற்கு வம்பு என்றுதான் இருந்தேன்.

4

காப்புக் கட்டி நாலாம் நாள் காலையில் துரை ஸ்டோருக்கு வந்தார். கூடவே யோசனைக்காரர். கொட்டகை நிறையப் புது மண்வெட்டிகள் இறங்கியிருந்தன, ஒவ்வொரு பிடியிலும் வக்கீலின் பெயர். உப்பும் துணியும் வேறு.

“நாளைக்கு இதையெல்லாம் அக்கரைக்கு லாரியில் கொண்டு போகிறோம். நீ கூட வந்து உன் கையால் கொடுக்க வேண்டும். நீ கொடுத்தால் வாங்குவார்கள்” என்றார் துரை.

நான் கையைக் காட்டினேன். “துரை, கயிறு கட்டியிருக்கிறேன். இன்னும் பதினோரு நாள் ஆறு தாண்டக் கூடாது. சாமிக் காரியம்.”

துரை சிரித்தார். “உன் அம்மனுக்கு நான் லீவு லெட்டர் எழுதித் தரட்டுமா?”

“மன்னிக்க வேண்டும் துரை.”

யோசனைக்காரர் அவர் காதில் என்னவோ சொன்னார். துரையின் முகம் மாறியது. “ஜுமா உனக்கு என்ன தருவதாகச் சொன்னான்?”

“ஒன்றும் இல்லை துரை.”

“உன் பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. கம்பெனி லெட்டர் இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். யோசித்துக்கொள்.”

யோசிக்க என்ன இருக்கிறது? பெர்மிட் போனால் முப்பது நாளில் குடும்பத்தோடு கப்பல் ஏற வேண்டும். ஊரில் எனக்கு இருந்த காணியைத் தங்கைகள் கல்யாணத்துக்கு விற்றாகிவிட்டது. வள்ளிக்குப் பதினான்கு வயது, ஊரை ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். அங்கே போய் எதை வைத்துப் பிழைப்பது?

வீட்டில் மிஷின் மெக்கானிக் கருப்பையா உட்கார்ந்திருந்தான். அறந்தாங்கிக்காரன், வாய்த்துடுக்கு.

“தாராளமாப் போயிட்டு வாங்கண்ணே. ஆத்தா என்ன ஆத்தங்கரையில பாஸ்போட்டா பாக்கப் போறா?”

“வாயக் கழுவுடா கருப்பையா” என்றாள் சிவகாமி உள்ளேயிருந்து.

“இல்ல அண்ணி, லாரியில போனா கால் தரையில படாதுல்ல? தாண்டுனதாக் கணக்கு வராது.”

“அப்ப நீ கட்டிக்கயேன் அடுத்த வருசம். லாரியிலயே படுத்துக்க.”

“நமக்கு எதுக்கு அண்ணி? கறி இல்லாமப் பதினஞ்சு நாளு ஏலாது.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சிவகாமி என் முன்னால் வந்து நின்றாள். “ஏங்க, போகாதீங்க. புள்ளைக்காக் கட்டுன கயிறு. கப்பலேறச் சொன்னா ஏறிக்கிருவோம்.”

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இப்போது பலர் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். கையில் கயிறு இல்லாவிட்டால் நான் போயிருப்பேன். மண்வெட்டியை எடுத்து, லாபம் என்று சொல்லி, என் கையால் கொடுத்திருப்பேன். போக விடாமல் வைத்தது அம்மன். என் வீரம் இல்லை.

5

லாரி நான் இல்லாமலே போனது. பின்னால் கேள்விப்பட்டது இது: அக்கரையில் ஜனங்கள் லாரியைச் சுற்றி நின்று, “லாபம் எங்கே?” என்று கேட்டார்களாம். வரவில்லை என்றதும் ஒரு கிழவர் மண்வெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அவன் வராத சரக்கில் ஏதோ இருக்கிறது” என்றாராம். ஆனாலும் ஒருவர் விடாமல் வாங்கிக்கொண்டார்கள். மண்வெட்டி மண்வெட்டிதானே. ஓட்டை மட்டும் முரசுக்குப் போட்டார்கள்.

ஜுமாவும் அவர் கட்சியும் ஜெயித்த மறுநாள் எனக்குச் சர்க்கார் கடிதம் வந்தது. வள்ளிதான் படித்தாள்.

“என்னம்மா போட்டிருக்கு?”

“நீங்க வெளிநாட்டுக்காரராம். இந்த நாட்டு உள்நாட்டு அரசியல்ல தலையிட்டீங்களாம். மானேஜர் எழுதிக் குடுத்திருக்காரு. திங்கக்கிழமை ஜில்லா ஆபீசுல வந்து பதில் சொல்லணுமாம்.”

லாரி விட்டது யார், பெட்ரோல் போட்டது யார், யோசனை சொன்னது யார்? ஸ்டோரை விட்டு நகராதவன் தலையிட்டவனாம்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. ஜில்லா ஆபீஸ் இருக்கிற டவுன் அக்கரையில். திங்கட்கிழமையோ காப்புக்குள்.

இந்த முறை சிவகாமியே பயந்துவிட்டாள். “ஏங்க, சர்க்காரு கூப்புட்டா போகாம இருக்கலாமா? மஞ்சத்தண்ணிய ஊத்தி அவுத்துட்டுப் போயிட்டு, அடுத்த வருசம் சேத்துக் கட்டிக்கலாங்க. ஆத்தா அறியாதவளா?”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ராத்தங்காமல் போய் வந்துவிடலாம். ஆனால் துரைக்கு முடியாது என்று சொன்ன கயிறு சர்க்காருக்கு மட்டும் அவிழ்ந்தால், துரை சொன்னது நிஜம் என்றல்லவா ஆகிவிடும்? சாமி பேரைச் சொல்லி அரசியல் பண்ணினேன் என்றுதானே நானே என்னை நினைப்பேன்?

“வள்ளி, நோட்டுல ஒரு தாளக் கிழி. நான் சொல்லச் சொல்ல எழுது” என்றேன்.

ஐயா, கையில் சாமிக் கயிறு கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை நான் ஆறு தாண்டக் கூடாது. சனிக்கிழமை முதல் படகில் வருகிறேன். என்ன தண்டனையோ அதை அன்றைக்குக் கொடுங்கள். இவ்வளவுதான் கடிதம்.

கருப்பையா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “அண்ணே, துரையவும் பகைச்சாச்சு, சர்க்காரையும் பகைச்சாச்சு. மிச்சம் நாந்தான் இருக்கேன். எனக்கும் ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க.” ஆனால் மிஷின் லீவில் சைக்கிளோடு படகேறி, அந்தக் கடிதத்தை ஆபீசில் சேர்த்துவிட்டு வந்ததும் அவன்தான்.

6

அந்த ஆறு நாளும் எப்படிப் போயிற்று என்று அம்மனுக்குத்தான் தெரியும். சிவகாமி டிரங்குப் பெட்டியை இழுத்து வெயிலில் காய வைத்தாள். நான் அதன் பூட்டுக்கு எண்ணெய் போட்டேன்.

அந்த நாட்களில் வள்ளியைத்தான் அதிகம் கவனித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பக்கத்துக் குடியிருப்புப் பெண்களோடு இந்த ஊர்ப் பாஷையில் ஒரே அரட்டை. தூக்கத்தில் பேசுவதும் அதில்தான். வெள்ளிக்கிழமை காப்பு அவிழ்ப்பதற்கு முன்னால் அம்மனிடம் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய வேண்டினாள், அதுவும் அந்த ஸ்வாஹிலியில்தான்.

“இவ கேக்குறது ஆத்தாளுக்கு வெளங்குமா?” என்று சிவகாமி என்னிடம் முணுமுணுத்தாள். அவளுக்கு அந்தப் பாஷை காய்கறிக்காரியிடம் விலை கேட்கிற அளவுக்குத்தான் என்று அவளே சொல்லுவாள். நானோ பதினைந்து வருஷமாக “தூக்கு, வை, போதும், நாளை வா” என்று ஸ்டோர் பேச்சிலேயே காலத்தை ஓட்டியவன். ஒரு சர்க்கார் அதிகாரியிடம் நியாயம் பேச எனக்கு ஏது வார்த்தை? வள்ளியைக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று.

வழக்கமாக அவிழ்த்த கயிற்றை ஆற்றில் விட்டுவிடுவோம். இந்த வருஷம் அதைத் துண்டு முனையில் முடிந்துகொண்டேன். கேட்டால் காட்டலாமே.

7

சனிக்கிழமை முதல் படகில் போனோம். ஜில்லா அதிகாரி முப்பது வயதுகூட இருக்காது. கறுத்த, மெலிந்த, சிரிக்காத மனிதர். மேஜைமேல் இரண்டு கடிதம். ஒன்று கம்பெனித் தாளில் டைப் அடித்தது. மற்றது எங்கள் நோட்டுத் தாள்.

“எந்தக் கட்சி?” என்றார்.

“எந்தக் கட்சியும் இல்லை ஐயா.”

“ஜுமா உன் சிநேகிதர்.”

“எட்டு வருஷம் ஒரே தராசில் நின்றோம் ஐயா. சிநேகிதர்தான்.”

“அவருக்காகத்தான் போகாமல் இருந்தாயா?”

“இல்லை ஐயா. சாமிக்காக.” துண்டை அவிழ்த்துக் கயிற்றை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

“மானேஜர் கூப்பிட்டார், வரவில்லை. சரி. நான் கூப்பிட்டேன். சர்க்கார். அப்போதும் வரவில்லை.”

நான் கயிற்றை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“மானேஜருக்கு மட்டும் வராமல் இருந்திருந்தால் இதை அரசியல் என்று நானும் நம்பியிருப்பேன். ஜுமாவின் சர்க்காருக்கும் வராதவன் என்ன அரசியல்வாதி?” என்றவர், முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். “எங்கள் அப்பா செத்தபோது நாங்கள் அண்ணன் தம்பி ஏழு நாள் ஆறு தாண்டவில்லை. எனக்குப் பரீட்சை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பெயிலாக்கினார்கள்.”

பிறகு டைப் அடித்த கடிதத்தை விரலால் தள்ளினார். “அந்நியர் ஒருவர் எங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறாராம். இதை எழுதுகிற தாளில் லண்டன் விலாசம்.” பேனாவை எடுத்தார். “அக்கரைக்கு வந்த லாரி யாருடையது?”

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பொய்யன் ஆவேன். முந்தின நாள்வரை அம்மன் கயிறு கட்டியிருந்த கை. “தோட்டத்து லாரி ஐயா” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

கடைசியாக, “உன் தரப்பில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார். இதுவரை தட்டுத்தடுமாறி நானே சொல்லிவிட்டேன். இதற்கு வார்த்தை இல்லை. வள்ளியிடம் தமிழில் சொன்னேன்: “நாங்க பொழைக்க வந்தவுங்க. வெளியூர்க்காரங்க. அரசியல் எங்களுக்கு வேண்டாம். இருக்க விட்டாப் போதும்னு சொல்லும்மா.”

வள்ளி நிமிர்ந்து நின்று சொன்னாள். நான் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்சம் பாஷையிலேயே அது புரிந்துவிட்டது: “நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். இங்கேயே இருக்க வேண்டும்.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன் தகப்பனார் இவ்வளவு நேரம் பேசினாரே. இதைத்தான் சொன்னாரா?” என்று அவளைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. “நீ சொன்னது இதுதானா?” என்று என்னைக் கேட்டார்.

வள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது மடல் தெரிந்தது. இரண்டு வயதில் அம்மைக் கொப்புளம் நிறைந்திருந்த காது. இவள் பிழைத்தது இந்த மண்ணில். இவளுக்காக எல்லை வகுத்தது இந்த ஆற்றை வைத்து. நான் யார் இல்லை என்று சொல்ல?

“ஆமாம் ஐயா” என்றேன், அவர் பாஷையிலேயே.

என் பெர்மிட்டில் மூன்று வருஷத்துக்கு முத்திரை குத்தினார். கம்பெனி லெட்டர் கேட்கவில்லை. எழுந்திருக்கையில் ஒரு விண்ணப்பப் பாரத்தையும் நீட்டினார், பிரஜையாகச் சேருவதற்கு. “அவசரம் இல்லை” என்றார்.

துரை அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். எதனால் என்று எனக்குத் தெரியாது. புதுத் துரை என்னை ஸ்டோரிலேயே வைத்திருக்கிறார். ஜுமாவுக்குப் புது ஜீப் வந்திருக்கிறது, புது யோசனைக்காரரும் வந்திருக்கிறார். இன்று காலை ஜுமாவிடம் மெல்லச் சொன்னேன்: “கிணறு வெட்டட்டும். எங்கே வெட்டுவது என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.” அவர் சிரிக்காமல் தலையாட்டினார். அது போதும் எனக்கு.

8

அந்தச் சனிக்கிழமை திரும்பிய படகைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்து நார்க்கயிற்றை இரு கரைக்கும் கட்டி, அதைப் பிடித்து இழுத்துத்தான் படகு போகும். மழைத் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஓடிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் துண்டை அவிழ்த்து மஞ்சள் கயிற்றைத் தண்ணீரில் விட்டேன்.

“அப்பா, நான் மாத்திச் சொன்னேன். கோவமா?” என்றாள் வள்ளி.

“நேத்து ஆத்தாகிட்டயும் இதத்தான் கேட்டியா?”

“ஆமாப்பா.”

“அவளுக்கு வெளங்கியிருக்கு” என்றேன்.

இக்கரையில் சிவகாமி நின்றுகொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து நிற்கிறாள் என்று பக்கத்தில் நின்ற கருப்பையாவின் முகமே சொன்னது. “என்னாச்சு?” என்று அவள் கத்துவது வாயசைவில் தெரிந்தது. தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வள்ளி தமிழில் கத்தினாள். எட்டவில்லை. உடனே படகில் இருந்தவர்களிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். கயிறு இழுக்கிறவர், கோழிக்கூடை வைத்திருந்தவள், பள்ளிப் பிள்ளைகள், அத்தனை பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்: “லாபத்துக்குக் கிடைத்துவிட்டது! மூன்று வருஷம்! கிடைத்துவிட்டது!” எல்லாம் ஸ்வாஹிலியில்.

காய்கறி விலைக்கு மேல் ஒரு சொல் தெரியாது என்கிற என் சம்சாரம் அந்தச் சேற்றுக் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். படகு கரை தொட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “மூணு வருசமாங்க?” என்று கேட்டாள்.